மூன்று லேப்டாப்பும் ஒரு கோணல் கோடும்

தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி விற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பதும் கல்லாவில் உட்காருவதும் முதலாளி. இவர் அந்தக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில் இருந்துகொண்டு, வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து, என்ன பவர் வேண்டும் என்று சொல்கிறவர். ஒரு சுழலும் நாற்காலி, எதிர்ச்சுவரில் பெரிதில் ஆரம்பித்துப் பொடிப்பொடியாக முடியும் எழுத்துப் பலகை, மேசைமேல் ஒரு பெட்டி நிறைய வட்டவட்டமான சோதனைக் கண்ணாடிகள். வருகிறவர் மூக்கில் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, அதில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

"முதல்ல பாத்தது தெளிவா, இப்பப் பாக்குறது தெளிவா?"

இந்தக் கேள்வி வந்ததும் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வியர்த்துவிடும். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கு" என்பார்கள். "இன்னொரு தடவை காட்டுங்க" என்பார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் கண்ணே போய்விடும் என்பதுபோல் திருதிருவென்று விழிப்பார்கள். கண்ணாடிக்காரர் பொறுமைசாலி. "தோணுறதைச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் இளப்பம் உண்டு. இரண்டில் ஒன்றைச் சொல்வதற்கு மனிதர்கள் ஏன் இந்தப் பாடு படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அந்த இளப்பத்துக்கு எல்லாம் வட்டியும் முதலுமாகச் சேர்த்து, லேப்டாப் வந்து அவரைப் பிடித்து ஆட்டியது.

அவர் மனைவிக்கு வீட்டிலேயே வேலை. அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பாள். கதை, கட்டுரை என்று எது வந்தாலும் செய்வாள் என்றாலும் அட்டவணைதான் அவளுடைய கோட்டை. நூறு கட்டம் போட்டாலும் ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டாது. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கும். அச்சகத்தில் யாராவது கோணலாக ஒரு பக்கம் போட்டால், "அக்கா கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்று பயமுறுத்துவார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கமும் கர்வமும் கலந்து வரும்.

அந்த வருடம் அவளுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஊர் ஊராகப் போகும் பேருந்துகளின் கால அட்டவணைப் புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கட்டம், கட்டம், கட்டம். அச்சக முதலாளி போனில் சொன்னார்: "இதை நல்லபடியா முடிச்சுக் குடுத்துடுங்கம்மா. இனிமே வர்ற அட்டவணை வேலை மொத்தமும் உங்களுக்குத்தான். வடிவமைப்புன்னு உங்க பேரையும் போட்டுடுறேன்." இத்தனை வருடம் எத்தனையோ பேர் புத்தகத்துக்கு உழைத்தவள் அவள். ஒன்றில்கூட அவள் பெயர் இருந்ததில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், எதற்குப் போனோம் என்று மறந்துபோய்த் திரும்பி வந்தாள்.

வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே தகராறு ஆரம்பித்தது.

"என்னங்க, கோடு வளையுதுங்க" என்றாள் ஒருநாள் காலையில்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "எங்க?"

"இதோ" என்று கன்னத்தில் ஊன்றியிருந்த இடது கையை எடுத்துத் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். காட்டியவள் நெற்றியைச் சுருக்கினாள். "அட, இப்ப இல்ல. இப்பதான் இருந்துச்சு. நடுவுல அப்படியே நெளிஞ்சு போச்சு, தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி."

அது பழைய லேப்டாப். அடிப்பக்கம் இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடும். மூடும்போது ஒரு பக்கக் கீல் முனகும். அதற்குள் சுற்றும் மின்விசிறி போடும் சத்தத்தில் பக்கத்து அறையில் இருப்பவர் டிவி சத்தத்தைக் கூட்டவேண்டும். அதனால் அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "வயசாயிடுச்சு அதுக்கு. ஸ்கிரீன் போகப்போகுது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் கோடு நெளிவது நிற்கவில்லை. அவர் இல்லாதபோது நெளியும். அவரைக் கூப்பிட்டு விரலால் காட்டினால் நேராகிவிடும். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கோணலாகத் தெரிவதை நேராக்குவதா, நேராக இருப்பதைக் கோணலாக்கிவிட்டோமா என்று ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்ததில் வேலை நகரவில்லை.

"புதுசு வாங்கிடுவோம்" என்றார் கண்ணாடிக்காரர். எளிதாகச் சொல்லிவிட்டார், பாவம்.

மனைவியின் தம்பி ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் அவன் வந்து "ஐயையோ, இதையா வாங்கினீங்க" என்று சொல்லாமல் இருக்கமாட்டான். அதனால் இந்த முறை வாங்குவதற்கு முன்பே அவனைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"மாமா, மொதல்ல பிராண்டை மறந்துடுங்க. உள்ள என்ன இருக்குங்கறதுதான் முக்கியம்" என்றான். கால் மணி நேரம் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசினான். ப்ராசசர் எந்தத் தலைமுறை, ரேம் எவ்வளவு, அது பலகையோடு ஒட்டிவைத்ததா கழற்றி மாற்றக்கூடியதா, டிஸ்க் எந்த வகை என்றெல்லாம் அடுக்கினான். கண்ணாடிக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவனே, "ஆனா ஒண்ணு மாமா, பிராண்டுதான் எல்லாம். கெட்டுப்போனா ரிப்பேர் பண்ண ஆள் வேணும்ல?" என்றான்.

"இப்பதானே மாப்ளே பிராண்டை மறக்கச் சொன்னே?"

"அது வேற, இது வேற மாமா."

எது அது, எது இது என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் அவன் மூன்று பிராண்டைச் சொல்லிவிட்டுப் போனான். ஒன்று வெள்ளி நிறம். விரல் பருமன்கூட இல்லாத மெலிசு, பார்த்தால் நகைக்கடையில் வைத்து விற்கலாம் போல் இருக்கும். ஆனால் ஒரு பென்டிரைவ் சொருகக்கூட இடம் கிடையாது, அதற்குத் தனியாக வால் மாதிரி ஒரு இணைப்பு வாங்கவேண்டும். இரண்டாவது கறுப்பு. பள்ளிக்கூடப் பலகை போல அழகு சொட்டும் என்று மைத்துனனே கிண்டல் செய்தான். ஆனால் விசைகள் அழுத்துவதற்கு அவ்வளவு சுகம், கீழே போட்டாலும் எழுந்து நிற்கும். மூன்றாவது விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது. விசைக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜர் மட்டுமே செங்கல் கனம் இருக்கும்; ஆனால் கொடுக்கிற காசுக்கு அதற்குள் இருக்கும் பலம் வேறு எதிலும் இல்லையாம்.

மூன்றிலும் ஒரு "ஆனால்" இருந்தது. கண்ணாடிக்காரரை மிரட்டியதே அந்த ஆனால்தான்.

அன்றிலிருந்து அவர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஒருவன் வெள்ளியைத் தலையில் வைத்துக் கொண்டாடினான். அடுத்தவன் அதே வெள்ளியைப் பிரித்துப் போட்டு, "இதுக்குப் போய் இவ்வளவு காசா?" என்று வாயில் போட்டு மென்றான். கறுப்பின் கீல் பத்து வருடம் உழைக்கும் என்றான் ஒருவன். அந்தக் கீல்தான் முதலில் போகும் என்று இன்னொருவன் உடைந்ததையே கையில் வைத்துக் காட்டினான். திரையில் எத்தனை புள்ளிகள், நிறங்களில் எத்தனை சதவீதம், பேட்டரி எத்தனை மணி நேரம். ஆளாளுக்கு ஒரு கணக்கு. படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் ஒரே பொருளைப் பார்த்துவிட்டு இப்படி எதிரும் புதிருமாக எப்படிப் பேசமுடியும் என்று அவருக்கு மண்டை காய்ந்தது. குழப்பம் கடைவரைக்கும் போனது. ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியாரம்மாவிடம் கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டு, "கறுப்பு தெளிவா, வெள்ளி தெளிவா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா சட்டத்துக்குள்ளிருந்து அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசியில் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். குளிரூட்டிய பெரிய கூடம். நீள மேசைகளில் லேப்டாப்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. விற்பனைப் பையன் என்று சொல்லமுடியாது, நாற்பது வயது இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்து, "யாருக்கு சார்? என்ன வேலைக்கு?" என்று ஆரம்பித்தார். மனைவி ஒவ்வொன்றின் முன்னும் நின்றபடியே குனிந்து, ஒரு அட்டவணையைத் திறந்து பார்த்தாள். வெள்ளியில் கோடு நேராக இருந்தது. கறுப்பிலும் நேர். சிவப்பு விளக்கிலும் நேர். அவள் வெள்ளியின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவியதைக் கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார்.

"இதையே எடுத்துக்கலாமா?" என்றார்.

"விலை ஜாஸ்தியா இருக்கேங்க."

"பரவால்ல. உன் பேரு போட்ட புத்தகம் இதுலதானே வரப்போவுது."

வெள்ளி வீட்டுக்கு வந்தது. அன்று மாலை முழுக்க அவள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். மறுநாள் மத்தியானம் கடைக்கு போன் வந்தது.

"வளையுதுங்க."

"எது?"

"கோடுதான். இதுலயும்."

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்தால் கோடு நேராக இருக்கிறது. அவளும் பார்த்தாள், அவளுக்கும் நேர்தான். இருவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே அதை அரை நாள் ஓடவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. "பீஸ் பர்ஃபெக்ட் சார்" என்றார் அட்டைக்காரர். ஆனாலும் மாற்றிக்கொள்ளும் கெடு முடியாததால் மனம் கோணாமல் கறுப்பை எடுத்துக் கொடுத்தார். மனைவி வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ஓரத்தை இன்னொரு முறை தடவினாள்.

கறுப்பு இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் வளைந்தது.

மைத்துனனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஓடி வந்து, திரையின் அமைப்பை மாற்றினான். எதையோ அழித்தான், எதையோ புதிதாக ஏற்றினான். "டிரைவர் பிராப்ளம் மாமா" என்றான். பிறகு, "உங்க வீட்டு கரண்ட் பிராப்ளம்" என்றான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வெறும் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார்கள், அப்போதும் வளைந்தது. பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பதால் காந்தம் இழுக்கிறது என்றான். மேசையை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். ஒருவேளை பலம் குறைந்த லேப்டாப்களுக்கே இந்த நோய் இருக்குமோ என்று, தன்னுடைய சொந்த லேப்டாப்பையே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அது அந்தச் சிவப்பு விளக்குக்காரன். செங்கல் சார்ஜரோடு வந்து மேசையில் பாதியை அடைத்துக்கொண்டது. அதிலும் கோடு வளைந்தது.

மூன்று பிராண்டு, மூன்று விலை, மூன்று விதமான உள்பாகம். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. ஷோரூமில் நேர், வீட்டில் கோணல். அவர் பார்த்தால் நேர், அவள் உட்கார்ந்து வேலை செய்தால் கோணல். கண்ணாடிக்காரர் இருட்டறையில் உட்கார்ந்து இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். திரைகள் எல்லாவற்றையும் ஒரே தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள், வெளியே பெயர் மட்டும்தான் வேறு வேறு என்று எங்கோ ஒருவன் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் பிராண்டுக்குப் பிராண்டு கம்பேர் செய்ததெல்லாம் கோமாளித்தனமா என்று தோன்றியது. யோசித்ததில் தலைவலிதான் மிச்சம்.

இதற்கு நடுவில் அச்சக முதலாளியின் போன் வேறு. குரல் இன்னும் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் இறுகியிருந்தது. "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா, வேற ஆளைப் பாத்துக்குறேன். தப்பா நினைக்கமாட்டேன்." அவள், "முடிச்சிடுவேன் சார், முடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று சாப்பிடும்போதுதான் கண்ணாடிக்காரர் வாயை விட்டார். "கடையில பாத்தா நல்லாருக்கு. நான் பாத்தா நல்லாருக்கு. உனக்கு மட்டும் வளையுது. உனக்கு எதுவுமே பிடிக்கலைன்னா அதைச் சொல்லிடேன். எதுக்கு மிஷின் மேல பழி போடுறே?"

அவள் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தாள். "நான் பொய் சொல்றேன்றீங்களா?"

"பொய்யின்னு சொல்லலை..."

"பின்ன?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சண்டைகள் வந்ததுண்டு. ஆனால் அவள் வேலையில் அவளுக்கு இருக்கும் கண்ணை அவர் சந்தேகித்தது இதுதான் முதல் தடவை. அவருக்கே அது பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி, கேட்கவில்லை.

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. மறுநாள் பீரோவுக்குள்ளிருந்து தன் பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கையால் கோடு போட்டுப் பழகிய ஸ்கேல். அதைத் திரையில் வைத்தே கணவன் முகத்தில் கரி பூசுவது என்று முடிவு செய்தாள். மத்தியானம் கண்ணாடிக்காரருக்கு இருட்டறையில் கூட்டம் இல்லை; அப்போது போன் வந்தது. நேற்றுக் கோபம் இன்னும் குரலில் இருந்தது.

"ஸ்கேல் வச்சுப் பாத்துட்டேன்."

"என்ன சொல்லுது?"

"அதான் புரியலை. மவுசை விட்டுட்டு அந்தக் கையால ஸ்கேலைக் கோட்டு மேல வச்சா, ரெண்டும் ஒட்டிக்கிட்டுதான் போவுது. ஒரு நூல்கூட விலகலை."

"பாத்தியா? நான் சொன்னேன்ல, கோடு நேராத்தான் இருக்கு!"

"இருங்க, முழுசாக் கேளுங்க. நேரா இல்ல. நடுவுல வளையுது. ஸ்கேலும் கூடவே வளையுது."

கண்ணாடிக்காரர் அடுத்து ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஸ்கிரீன் வெளிச்சம் பட்டு அப்படித் தெரியும் என்பதுபோல் ஏதோ ஒன்று. அது வெளியே வரவில்லை. ஸ்கேலுக்கு ப்ராசசர் கிடையாது. ரேம் கிடையாது. கரண்டு கிடையாது, பிராண்டு கிடையாது. அது ஒரு இரும்புத் துண்டு.

"ஸ்கேலுமா?" என்றார்.

"ஆமா. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. அப்படியே இரு. நான் வர்றேன்."

முதலாளியிடம் என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. வெயிலில் வேட்டைநாய் துரத்துவது போல நடந்தார். மனசுக்குள் அவர் கும்பிட்டுக்கொண்டது எல்லாம் இதுதான்: மிஷினாக இருக்கட்டும். மூன்றுமே கெட்ட மிஷினாக இருக்கட்டும், காசு போனால் போகட்டும். நாள் முழுக்கக் கண்ணாடியைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். "புதுக் கண்ணாடியிலயும் சரியாத் தெரியலை, கண்ணாடி தப்பு" என்பார்கள். அவரும் முகம் சுளிக்காமல், "கண்ணாடியில ஒண்ணுமில்லைங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவைப்பார். அதைச் சொந்த வீட்டில் சொல்ல அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவரே அவளைச் சோதித்து, "உன் கண்ணுக்கு என்ன, கழுகுக் கண்ணு" என்று சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில் இருந்துவிட்டார்.

கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மவுஸ். இடது முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியிருந்தாள். வேலையில் மூழ்கிவிட்டால் அவள் எப்போதும் இப்படித்தான். கல்யாணமான புதிதில் இந்தக் கோலத்தைப் பார்த்து அவர் கேலிகூடச் செய்திருக்கிறார். அருகில் போய்க் குனிந்து பார்த்தார். கன்னத்தை அழுத்திய கை, சதையை மேலே தள்ளி இடது கண்ணை முழுசாக மூடியிருந்தது. அவள் வலது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? இதோ பாருங்க..." என்று கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதே. இப்ப எப்படி இருக்கு?"

"வளையுது."

"இப்பக் கையை எடு."

எடுத்தாள். "நேராயிடுச்சு" என்றாள் ஆச்சரியத்தோடு. "நீங்க வந்தாலே இப்படித்தான் பண்ணுது."

அவர் தன் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினார். "இப்ப?"

"நேரா."

கையை மாற்றி இடது கண்ணை மூடினார். "இப்ப?"

"வளையுது. நடுவுல கொஞ்சம் கறுப்பா மசமசன்னு வேற இருக்கு."

ஆயிரம் பேரிடம் அலுக்காமல் கேட்டவர், அவளிடம் இன்னொரு முறை கேட்டார். முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லமாட்டாளா என்ற ஆசையில் கேட்டார். லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் கம்பியைக் காட்டிக் கேட்டார். கம்பியும் வளைந்தது. கதவு நிலையைக் காட்டினார். நிலையும் வளைந்தது.

அவள் கொஞ்ச நேரம் மூடிய லேப்டாப்பையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "அப்ப லேப்டாப்ல ஒண்ணுமில்லையா?" என்றாள். "அப்பாடா! அப்ப நான் இதுவரைக்கும் போட்ட பக்கமெல்லாம் நேராத்தானே இருக்கும்? ஐயோ, நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா! ஒரு கண்ணாடி போட்டுக் குடுத்துடுங்க, முடிச்சுத் தள்ளிடுறேன்."

கண்ணாடி போட்டுச் சரியாகிற சமாசாரம் இது இல்லை என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு சீக்கிரம் போகவேண்டும் என்பதும் தெரியும். "கிளம்பு" என்றார். "எங்க?" என்றவளுக்கு, "டாக்டர்கிட்ட, இப்பவே" என்பதற்குமேல் அவரால் எதுவும் சொல்லமுடியவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன உருவம், வேகமான கை. முதலில் கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். "இது என் அட்டவணை மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி. எங்கெங்கே நெளிகிறது என்று விரல் வைத்துக் காட்டினாள், அச்சகத்துப் பிழையைக் காட்டுவதுபோலத் துல்லியமாக. பிறகு மருந்து விட்டு, மிஷினில் உட்காரவைத்து, உள்ளே படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா பேசினார்.

"விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் கசியுதும்மா. வயசாகறதுல சில பேருக்கு வரும். கண்ணுக்குள்ள ஊசி போட்டு நிறுத்தணும். இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். இடது கண் சுத்தமா நல்லா இருக்கு." பிறகு படத்தை விட்டுத் திரும்பினார். "எப்பலேர்ந்து இப்படித் தெரியுது?"

மனைவி யோசித்தாள். "லேப்டாப் கெட்டதுலேர்ந்து... இல்ல, அது கெடலை... என்னங்க, எப்பலேர்ந்து?"

கண்ணாடிக்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்த அந்தக் காலையை அவர் சொன்னார். அது போன மாதத்துக்கும் முந்தின மாதம்.

டாக்டரம்மா முகத்தில் கோபம் இல்லை. வெறும் புரியாமைதான். "இந்த நோய்க்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம் சார். இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"லேப்டாப் கம்பேர் பண்ணிட்டிருந்தோம், டாக்டர்."

சொல்லும்போது அவர் குரல் அவருக்கே யாருடையதோ போல் கேட்டது. டாக்டரம்மா மேற்கொண்டு அவரைத் துருவவில்லை. போன பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமுடியாது, மேலும் போகாமல் பிடித்துவைக்கலாம் என்றார். "வேலை பாக்கலாமா டாக்டர்? ஒரு புத்தகம் முடிக்கணும்" என்று கேட்டாள் மனைவி. பார்க்கலாம், நல்ல கண் ஒன்று இருக்கிறதே என்றார் டாக்டரம்மா. அவள் பெருமூச்சு விட்டாள்.

ஊசி போடும் அறைக்கு வெளியே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிடு" என்றார். "நீ சொன்னதைக் கேக்காம, மிஷினைக் கேட்டுட்டேன்."

"நானும் மிஷினைத்தானே திட்டினேன்" என்றாள் அவள். "விடுங்க."

பிறகு அவள் என்ன நினைத்தாளோ, அவர் பக்கம் திரும்பி, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் அவரையே பார்த்தாள். இத்தனை நாள் கோடுகளைப் பார்த்த அந்தக் கண்ணால் மட்டும் அவள் ஒரு முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காது தெரியுது. முடி தெரியுது" என்றாள் மெதுவாக. "முகம்தாங்க, நடுவுல ஒண்ணும் இல்ல."

"பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லையே" என்று சிரிக்கத்தான் பார்த்தார் கண்ணாடிக்காரர். முடியவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். மனைவி கையை எடுத்துவிட்டு எழுந்தாள். அவர் அழுவதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.